டீமின் பொது டேட்டாபேஸில் ஸ்பெக்குகளைப் பதிப்பு வாரியாக வைப்பது எப்படி?

நூலகச் செயலி ஒன்றில் வேலை பார்த்தபோது, தாமதக் கட்டணம் நாளுக்கு 1 ரூபாய் என்று ஸ்பெக்கில் (செயலி எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் குறிப்பில்) இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் அதே இடத்தில் 2 ரூபாய்! யார் மாற்றினார்கள், எதற்கு மாற்றினார்கள், ஒன்றும் தெரியவில்லை. டெஸ்ட்டுகள் வரிசையாக ஃபெயில் ஆக, பழி முழுக்க கோடு எழுதிய பையன்மேல் விழுந்தது. அவன் பழைய ஸ்பெக்கைத்தான் அப்படியே பின்பற்றியிருந்தான். பழைய வாசகம் எங்கும் இல்லாததால் அதை நிரூபிக்க வழியில்லை. அந்த நிலைமை உங்கள் டீமில் யாருக்கும் வர வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸில் இப்படிச் செய்யுங்கள்.

படி 1: தனி ஸ்கீமா. ஸ்பெக்குகளுக்கென்று ஒரு ஸ்கீமா (டேட்டாபேஸுக்குள் டேபிள்களைப் பிரித்து வைக்கும் தனி அறை) உருவாக்குங்கள். தொடக்கத்திலேயே இருக்கும் பப்ளிக் ஸ்கீமாவில் போடாதீர்கள். 15ஆம் பதிப்புக்கு முந்தைய போஸ்ட்கிரெஸில், தடுத்து வைக்காவிட்டால், அங்கே யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம். டேபிள் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஆனால் பெயருக்கு 63 பைட்தான் இடம். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட் போகும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகவே கணக்கில் வரும், அதனால் பெயர் சுருக்கமாக இருக்கட்டும்.

படி 2: இரண்டு டேபிள். ஒன்று 'வரைவு', இன்னொன்று 'பதிப்பு'. வரைவில் எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துத் திருத்தலாம். எல்லோரும் ஒப்புக்கொண்டதும் அதைப் பதிப்பு டேபிளில் புது வரிசையாகச் சேர்க்க வேண்டும். அதில் ஸ்பெக் எண், பதிப்பு எண், வாசகம், மாற்றியதற்கான காரணம், சேர்த்தவர், நேரம் ஆகியவை இருக்கட்டும். காரணத்தைக் கொடுக்காமல் விட முடியாதபடி 'நாட் நல்' (NOT NULL) போடுங்கள். ஆறு மாதம் கழித்து முதலில் தேடப்போவது அதைத்தான்.

ஸ்பெக் எண்ணையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து பிரைமரி கீ (ஒரே ஜோடி இரண்டு முறை வர விடாத அடையாளம்) ஆக்குங்கள். 3ஆம் பதிப்பை எடுத்து இருவர் தனித்தனியாகத் திருத்தி, இருவருமே 4 என்று சேர்க்க வந்தால், இரண்டாமவருக்கு எரர் வரும். அவர் முதலாமவர் எழுதியதைப் படித்துவிட்டு 5 ஆகச் சேர்க்கட்டும்.

படி 3: பூட்டு. இதுதான் முக்கியம். பதிப்பு டேபிளில் டீமுக்கு செலக்ட் (படிக்க), இன்சர்ட் (சேர்க்க) அனுமதி மட்டும் கொடுங்கள். அப்டேட் (மாற்ற), டெலீட் (அழிக்க) வேண்டாம். டேபிளின் உரிமையாளர் எந்த அனுமதியையும் தனக்கே கொடுத்துக்கொள்ளலாம் என்பதால், யாரும் லாகின் செய்யாத ஒரு ரோல் (டேட்டாபேஸ் கணக்கு) பெயரில் டேபிளை வையுங்கள். ஆளுக்கொரு லாகினும் அவசியம். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் 'சேர்த்தவர்' என்ற விவரத்துக்கு மதிப்பே இல்லை.

படி 4: வெளியீட்டோடு இணைப்பு. 'வெளியீடு' டேபிளில், எந்த ரிலீஸுக்கு எந்த ஸ்பெக்கின் எந்தப் பதிப்பு என்று எழுதி, பதிப்பு டேபிளுக்கு ஃபாரின் கீ (அங்கே இல்லாத பதிப்பைக் குறிக்க விடாத இணைப்பு) போடுங்கள். ரிலீஸ் 2க்கு 1 ரூபாயா 2 ரூபாயா என்பதை ஒரே க்வெரி சொல்லிவிடும்.

படி 5: பேக்கப். டெவலப்மென்ட் டேட்டாபேஸை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சகஜம். அதோடு ஸ்பெக்குகளும் போய்விடாமல் இருக்க, போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி டம்ப்பில் (pg_dump) இந்த ஸ்கீமாவை மட்டும், அதன் வரிசைகளோடு, தினமும் எடுத்து வேறு மெஷினில் வையுங்கள். மாதம் ஒரு முறையாவது அதை ஒரு காலி டேட்டாபேஸில் ஏற்றி, வரிசைகள் எல்லாம் வருகின்றனவா என்று பாருங்கள்.