கோரிங்கில் இறங்கி பாங்போர்ன் வரை நடங்க

லண்டனில் இருந்து ஒரே நாளில் கிராமத்துப் பக்கம் நடந்துட்டு வரணும்னா, தேம்ஸ் கரையில் இருக்கும் கோரிங்கைத் தேர்ந்தெடுங்க. லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்தில் ஏறினா ஊருக்குள்ளேயே இறங்கலாம். தேம்ஸ் பாதை, ரிட்ஜ்வே பாதைன்னு ரெண்டு நெடுந்தூர நடைபாதைகள் சந்திக்கிற இடம் இது.

முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது, ஆற்றோடு கீழ்நோக்கி பாங்போர்ன் வரை, சுமார் 6 கிலோமீட்டர். புல்வெளி வழியா போய், பொறியாளர் புருனெல் கட்டின செங்கல் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைஞ்சு, ஹார்ட்ஸ்லாக் காட்டுக்குள் ஏறணும். மரங்களுக்கு நடுவே கீழே ஆறு தெரியும், அங்கே அவசரப்படாதீங்க. பாங்போர்னுக்கு எதிர்க்கரையில் இருக்கும் விட்சர்ச் கிராமத்தில் இருந்து ஆற்றைக் கடக்கும் சுங்கப் பாலத்தில் கார்களுக்குத்தான் கட்டணம், நடப்பவர்களுக்கு இல்லை. பாங்போர்னிலேயே ரயில் நிலையம் இருக்கு, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டாம்.

வழிகாட்டிக் கம்பத்தில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. நீல அம்புன்னா குதிரையும் சைக்கிளும் வரும். தேம்ஸ் பாதைக்கு ஓக் மரக் கொட்டை (ஏகோர்ன்) சின்னம். காட்டுக்குள் மொபைல் சிக்னலை நம்பாம, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 171 வரைபடத்தை எடுத்துக்குங்க. பச்சைக் கோடுகள்தான் பொதுப் பாதைகள்.

மழை பெய்த பிறகு, குறிப்பா குளிர்காலத்தில், கரையோரப் புல்வெளி சேறாகிடும், சில சமயம் வெள்ளமும் ஏறும். கிளம்பும் முன் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துடுங்க. கணுக்கால் மூடுற பூட்ஸ் அவசியம். மாடு மேயும் வயலில் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீங்க, கேட்டைத் திறந்தா மறக்காம மூடுங்க.