வலி ஊசியிலிருந்து மாத்திரைக்கு: வார்டுக்குப் புதியவர்களுக்கான செய்முறை

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். சொதப்புவது பெரும்பாலும் நேரத்தில். டோஸை முடிவு செய்வது மருந்து எழுதும் டாக்டர். சரிபார்க்கும் எல்லோருக்கும் இது உதவும்.

முதலில் நோயாளியைப் பாருங்கள். வாந்தி நின்றிருக்கிறதா, குடித்த தண்ணீர் உள்ளே தங்குகிறதா? வயிறு உப்பிக் கிடந்தால் மாற்ற வேண்டாம், காத்திருங்கள்.

பாராசிட்டமால் சுலபம். பெரியவர்களுக்கு ஊசியில் 1 கிராம் என்றால் மாத்திரையிலும் 1 கிராம், நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் இன்னும் குறைவு. டிரமடால் என்ற இன்னொரு வலி மருந்தின் சில மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

மார்ஃபின் அப்படி இல்லை. விழுங்கிய மார்ஃபினில் பெரும்பகுதியை, ரத்தத்தில் கலக்கும் முன்பே கல்லீரல் சிதைத்துவிடும். அதனால் நரம்பு ஊசியில் 10 மி.கி. என்றால் வாய்வழியில் சுமார் 30 மி.கி.

கடந்த 24 மணி நேரத்தில் போன அத்தனையையும் கூட்டுங்கள். உதாரணமாக, டிரிப்பில் மணிக்கு 1 மி.கி. ஓடியது 24. இடையில் வலிக்கென்று மூன்று முறை 2 மி.கி. கொடுத்தது 6. மொத்தம் 30. மூன்றால் பெருக்கினால் 90. நான்கு மணிக்கொரு முறை என்றால் 15 மி.கி. இடையில் வலித்தால் கொடுக்க, நாள் மொத்தத்தில் பத்தில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்று வரை, இங்கே 10 மி.கி. எழுதலாம். நோயாளியே பட்டன் அழுத்தும் பம்ப் என்றால், அழுத்திய எண்ணிக்கை வேண்டாம், உள்ளே போன அளவு மட்டும். இதற்கு ஆப் எல்லாம் எனக்குப் பிடிக்காது. காகிதத்தில் போட்டால்தான் அடுத்தவர் பார்த்துத் தவறைப் பிடிக்க முடியும்.

ஆனால் அறுவை சிகிச்சை வலி நாளுக்கு நாள் குறையும். நேற்றைய மொத்தத்தை அப்படியே இன்றைக்கு எழுதினால் அதிகமாகிவிடும். கடைசி எட்டு மணி நேரம் எப்படிப் போனது என்று பார்த்துக் குறைத்துத் தொடங்குவது நல்லது. வேறு ஓபியாய்டுக்கு (மார்ஃபின் வகை வலி மருந்துக்கு) மாறினால் கணக்கில் வந்ததில் 25 முதல் 50 சதவீதம் குறைப்பார்கள். சிறுநீரகம் பழுதென்றால் மார்ஃபினின் கழிவுகள் உடம்பில் தேங்கும். கேட்காமல் கை வைக்காதீர்கள்.

அப்புறம் அந்த நேரம். நரம்பில் போட்ட மார்ஃபின் சில நிமிடங்களில் வேலை செய்யும். மாத்திரை தொடங்கவே அரை மணி, உச்சத்துக்கு ஒரு மணி நேரம். டிரிப்பை நிறுத்திவிட்டு மாத்திரை தேடப் போனால் நடுவில் நோயாளி துடிப்பார், "மாத்திரை கேட்கவே இல்லை" என்று மறுபடி ஊசி ஏறும். மாத்திரையை விழுங்க வைத்து, அது பிடிக்கத் தொடங்கும்போது டிரிப்பை நிறுத்துங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தூக்கக் கலக்கத்தையும் மூச்சு எண்ணிக்கையையும் விடாமல் பாருங்கள். கேனுலாவை (நரம்பில் செருகிய சின்னக் குழாயை) உடனே எடுக்க வேண்டாம், அடுத்த டோஸ்களும் பிடிக்கட்டும்.

மலம் கட்டாமல் இருக்க மலமிளக்கியை அன்றைக்கே எழுதி வாங்குங்கள்.

பின்சேர்க்கை: மூக்குக் குழாய் உள்ளவருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கி மூச்சையே நிறுத்திவிடக்கூடும். திரவ மார்ஃபின் கேளுங்கள்.