வெயில் பிளானிலேயே நுழைந்துவிடுகிறது: வீடு கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் சென்னைக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. ஆகஸ்டு நடுவில் இன்னொரு முறை. ஆகவே நம் ஊர்க் கோடையில் வெயிலை அதிகம் வாங்குவது சுவர் அல்ல, மொட்டைமாடிதான். ஆனால் செலவுக் கணக்கில் கடைசியாக வருவதும் அதுவே. எலிவேஷனுக்கும் டைல்ஸுக்கும் பணம் போன பிறகு, மிச்சம் இருப்பதை வைத்து மாடியை முடிக்கிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான் என்பேன்.

ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, நாம் படுக்கிற நேரத்தில் கீழே இறக்கும். இரவு பத்து மணிக்கும் ஃபேனிலிருந்து அனல் காற்று வருவது இதனால்தான். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் கொண்டுவந்த ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரை கடத்தும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஒரு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கடத்தும்.

இதற்குப் பலர் தேடும் வழி ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். அது தளம் சூடாவதைத் தடுப்பதில்லை. சூடான தளத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு திரை போடுகிறது, அவ்வளவுதான். கூடவே அறையின் உயரமும் குறைகிறது. சூட்டைத் தளத்துக்கு மேலேயே மறிக்க வேண்டும். பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாக ஒரு அடுக்கு போட்டு, அதன் மேல் தட்டையான ஓடு பதித்தார்கள். மழைநீரை வடிக்கும் வாட்டமும் அதிலேயே அமைந்தது. இன்று அதை ஒழுங்காகப் போடும் ஆள் கிடைக்காவிட்டால், வாட்டர்புரூஃபிங்குக்கு மேல் வெப்பம் தடுக்கும் நுரைப்பலகை, அதன் மேல் சிமெண்ட் பூச்சு, வெள்ளை டைல்ஸ் என்று போடலாம். அதற்கும் பணம் இல்லையா? சுண்ணாம்பு வெள்ளையாவது அடியுங்கள். புதிதாக வெள்ளையடித்த பரப்பு, விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படியப் படிய அந்தப் பலன் குறையும். அதனால் வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் அடிக்க வேண்டும்.

அடுத்தது மேற்குச் சுவர். கன்னி மூலையில்தான் பெரிய படுக்கையறை வர வேண்டும் என்று பலரும் உறுதியாக இருக்கிறார்கள். தென்மேற்கு மூலை என்றால் பிற்பகல் வெயில் முழுக்க அந்த அறைச் சுவரில்தான். ஒன்பதங்குலச் செங்கல் சுவரைக் கடந்து சூடு உள்ளே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மூன்று மணி வெயில் நம் தூக்க நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். நம்பிக்கையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அறை அங்கேயே இருக்கட்டும். மேற்குச் சுவர் நெடுக உள்பக்கம் அலமாரி வரட்டும், வெளிப்பக்கம் கொடி ஏறட்டும். முடிந்தால் அந்தச் சுவரை மட்டும் எலிப்பொறிக் கட்டில் எழுப்பலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை இது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், இடையில் நிற்கும் காற்று சூட்டையும் தாமதப்படுத்தும்.

நாலு பக்கமும் ஒரே அளவில் சன்ஷேடு போடுவதும் சரியல்ல. தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு நன்றாகவே வேலை செய்யும், அங்கே நண்பகல் வெயில் உயரத்திலிருந்து வருகிறது. மேற்கிலோ மாலை வெயில் சாய்ந்து நேராக ஜன்னலுக்குள் பாயும். அங்கே தேவை துளைகள் விட்ட ஜாலித் தடுப்போ மூங்கில் தட்டியோ, அதுவும் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்ததுதான். தெரு மேற்கில் இருக்கிறது என்பதற்காக முகப்பு முழுக்கக் கண்ணாடி பதிக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஜன்னல் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. நம்முடையது போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்கிறது மேலே சொன்ன விதித்தொகுப்பு. உங்கள் வீட்டுக்கு அது கட்டாயமாக இல்லாவிட்டாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இந்தக் கணக்கில் 20 சதுர அடி வேண்டும். நாலுக்கு நாலு ஜன்னல் வைத்தால் 16 சதுர அடி. அதுவே இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால் பாதிதான் திறக்கும், கையில் கிடைப்பது எட்டு சதுர அடி. கதவு போலத் திறக்கும் ஜன்னலே நம் ஊருக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். அப்புறம், ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவரில் ஒவ்வொன்று வைப்பது மேல். காற்று நுழைய ஒரு வழி இருந்தால் வெளியேறவும் ஒரு வழி வேண்டும். கொசுவலையை முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று வரும் மாலை ஆறு மணிக்கு எல்லா ஜன்னலையும் சாத்துவீர்கள்.

வேறு ஊர் பிளானை அப்படியே எடுத்துக் கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. சென்னையில் கோடையின் பிற்பகல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். கோவையில் தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும். சென்னை பிளானைக் கோவையில் கட்டினால் காற்று வரும் பக்கம் அடைபட்டுவிடலாம். ஊட்டியில் நிலைமையே வேறு, அங்கே வெயிலை உள்ளே அழைக்க வேண்டும். ராஜஸ்தானில் நன்றாக வேலை செய்யும் ஏர்கூலரும் அப்படித்தான்: வறண்ட காற்றை அது குளிர்விக்கும், கடலோர ஊரில் ஏற்கெனவே ஈரமான காற்றில் மேலும் ஈரத்தை ஏற்றி வியர்வை உலராமல் செய்துவிடும்.

‘சோலார் போட்டுவிட்டால் போதும்’ என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோலார் கட்டணத்தைக் குறைக்கும், வீட்டின் சூட்டைப் போக்காது. ஆனால் பேனல்களைச் சற்று உயர்த்தி, கீழே காற்றோட இடம் விட்டு, படுக்கையறைக்கு மேலே வரும்படி அமைத்தால் அந்த இடத்துக்கு நிழலாவது கிடைக்கும். தளத்தின் வாட்டர்புரூஃபிங்கையும் வெப்பத்தடுப்பையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பேனல்களைத் தாங்கும் சட்டத்தின் கால்களைத் தளத்தில் பதித்த பிறகு அவற்றுக்கு அடியில் வேலை செய்வது பெரும்பாடு.