புடாபெஸ்ட் சிலைகளை எந்த வரிசையில் பார்ப்பது?

புடாபெஸ்டுக்கு வருகிறவர்கள் பழைய கம்யூனிஸ்ட் சிலைகளைப் பார்க்க நேராக மெமென்டோ பூங்காவுக்குப் போய்விடுகிறார்கள். என்னோடு வருபவர்களை நான் கடைசியில்தான் அங்கே அழைத்துப் போவேன். ஊருக்குள் சிலைகளை வைத்து நடக்கிற சண்டையைப் பார்க்காமல் போனால் அது வெறும் சிலைக் கிடங்காகத்தான் தெரியும்.

சபட்சாக் சதுக்கத்தில் தொடங்குங்கள். சோவியத் வீரர்களின் நினைவுத்தூண் இன்னும் அங்கே நிற்கிறது. ரஷ்யாவுடனான ஒப்பந்தம் அதைக் காக்கிறது. அதே சதுக்கத்தில் 2014-இல் வைத்த, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஆக்கிரமிப்பின் நினைவுச்சின்னத்தில், ஹங்கேரியாக நிற்கும் கப்ரியேல் தேவதூதர் மீது ஜெர்மன் கழுகு பாய்கிறது. யூதர்களை நாடு கடத்தியதில் ஹங்கேரி அரசுக்கும் பங்கு உண்டே, அதை மறைக்கிறார்களே என்று கொதித்த மக்கள் அதன் எதிரே புகைப்படங்களையும் பெட்டிகளையும் கடிதங்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். சிலையைவிட இவற்றின் முன்னால் அதிக நேரம் நில்லுங்கள். அரசு பேசுவதும் மக்கள் பதில் சொல்வதும் இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் கிடைக்காது.

அப்புறம் அருகிலேயே உள்ள வெர்டானுக் சதுக்கம். சோவியத் பிடிக்கு எதிரான 1956 புரட்சியின்போது பிரதமராக இருந்து, 1958-இல் தூக்கிலிடப்பட்ட இம்ரே நாகியின் சிலை, 1996 முதல் இங்கே ஒரு சிறிய பாலத்தின் மேல் நாடாளுமன்றத்தைப் பார்த்தபடி நின்றது. 2018 டிசம்பரில் அகற்றிவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது, 1919 கம்யூனிஸ்ட் ஆட்சியில் பலியானவர்களுக்காக 1934-இல், ஹங்கேரியை அப்போது ஆண்ட ஹோர்த்தியின் காலத்தில் எழுப்பிய சின்னத்தின் மறுபதிப்பு. நாகி கம்யூனிஸ்டாகவே இருந்து மாஸ்கோவை எதிர்த்தவர். அப்படிப்பட்ட மனிதரை நாடாளுமன்றத்தின் பார்வையிலிருந்து தள்ளி வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. டான்யூப் கரையோரமாக வடக்கே நடந்து, மார்கரெட் பாலத்தருகே யாசாய் மாரி சதுக்கத்துக்கு மாற்றப்பட்ட அவர் சிலையைப் பாருங்கள்.

கெல்லர்ட் குன்றின் விடுதலைச் சிலையை ஆற்றின் இக்கரையிலிருந்தே பார்க்கலாம். 1947-இல் வைத்த அந்தப் பெண் சிலையை விட்டுவிட்டு, கீழே நின்ற சோவியத் வீரனை மட்டும் இறக்கினார்கள்.

சரி, இப்போது பூங்காவுக்குப் போகலாம். 1993-இல் திறந்தது. அந்த வீரன் அங்கேதான் இருக்கிறான். 1956 அக்டோபர் 23 அன்று மக்கள் ஸ்டாலின் சிலையை அறுத்துத் தள்ளியபோது மிஞ்சிய பூட்ஸின் நகலும் அங்கே உண்டு. கெலென்ஃபோல்ட் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து போகிறது. உள்ளே நிழல் கிடையாது. கோடையில் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.