காணாமல் ஆக்கப்பட்டவருக்கு ஒரு பைல்: மனுவுக்கு முன் செய்யவேண்டியது

இலங்கையில் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களை விசாரிக்க அரசாங்கம் ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தவை: 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொன்றிலும் பிள்ளையைத் தேடும் அம்மாமார் முதலில் இருந்து சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாக்குமூலத்தில் 2009 மே 17 என்றும் இன்னொன்றில் 18 என்றும் கிடந்தால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு பிடிப்பது அதைத்தான். ஆகவே ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை எழுதுமுன் பைலைக் கட்டுங்கள்.

முதல் தாளில் பெயர். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி தமிழில், அடையாள அட்டையில் உள்ளபடி மற்ற மொழிகளில். ஒரு எழுத்து மாறினாலும் அலுவலகங்களில் இரண்டு ஆளாகிவிடும். புலிகள் இயக்கத்தில் வைத்த இயக்கப் பெயர் இருந்தால் தனித் தாளில் குறியுங்கள்: போர் முடிவில் சனம் இராணுவத்திடம் போய்ச் சேர்ந்த வட்டுவாகலில் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவருக்கு அந்தப் பெயர்தான் தெரிந்திருக்கும். அதை எங்கே கொடுப்பது என்று சட்டத்தரணியோடு பேசி முடிவெடுங்கள்.

திகதி நினைவில் இல்லையென்றால் ஊகிக்காதீர்கள். 'மாத்தளனில் இருந்து வந்த மறுநாள்' என்று எழுதினால் போதும், திகதியைப் பிறகு சரிபார்க்கலாம். 'காணாமல் போனார்' என்று மட்டும் எழுதுவது பெரிய பிழை. இராணுவத்திடம் நீங்களே கையளித்தீர்களா, அவராகச் சரணடைந்தாரா, வீட்டில் வந்து பிடித்தார்களா? என்ன உடுப்பு, என்ன வாகனம், பக்கத்தில் யார் நின்றார்கள்? ஆட்கொணர்வு மனு இதில்தான் நிற்கும். 2009 மேயில் சரணடைந்தவர்களுக்காக வவுனியா மேல் நீதிமன்றத்தில் போட்ட மனுக்களின் விசாரணை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் வருடக்கணக்காக இழுபட்டது. கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் அவ்வளவு தூரம் வரமுடியாது.

அடுத்த தாளில் இலக்கங்கள்: பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழு, ஐசிஆர்சி (சர்வதேச செஞ்சிலுவைக் குழு), மேலே சொன்ன ஆணைக்குழுக்கள். பற்றுச்சீட்டு தராத இடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டை ஒட்டிவையுங்கள். ஐசிஆர்சி தேடுகிற அமைப்பு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வராது.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டும் வரை கையொப்பம் வைக்கவேண்டாம். வைத்தே ஆகவேண்டி வந்தால், 'விளங்காத மொழியில் எழுதப்பட்டது' என்று அதன் கீழே தமிழில் எழுதுங்கள். மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்காதீர்கள், போட்டோக் கொப்பி போதும்.

காணி, வங்கிக் கணக்கு அலுவல்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்வார்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டப்படி காணப்படாமைச் சான்றிதழ் இருக்கிறது. பிள்ளை செத்ததாக ஒப்புக்கொள்ளாமலே அந்த அலுவல்களைப் பார்க்கலாம். நீட்டுகிற படிவம் எதற்குரியது என்று தலைப்பை வாசித்துவிட்டு நிரப்புங்கள்.

ஜெனீவாவில் உள்ள ஐ.நா. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் செயற்குழுவுக்குக் காசும் வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம். உள்ளூர் வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. முழுப்பெயர், குறைந்தது மாதமும் வருடமும், கடைசியாகக் கண்ட இடம், கொண்டுபோனது யார், இதுவரை தேடிய வழிகள், அனுப்புகிறவரின் விபரம் இருந்தால் எடுப்பார்கள். அது தீர்ப்புச் சொல்லாது, அரசாங்கத்திடம் கேட்கும். அந்தக் கேள்வி பதிவில் இருக்கும்.

கடைசித் தாள் எழுதக் கை வராது, தெரியும். ஆனாலும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் செம்மணி மனிதப் புதைகுழியில் மீட்ட பொருட்களை 2025 ஓகஸ்ட் 5 அன்று சனத்துக்குக் காட்டியபோது தேவைப்பட்டது இதுதான். எந்தப் பல் கழற்றியது, எந்தக் கை முறிந்து பொருந்தியது, செல் துண்டு எங்கே இருந்தது, உயரம், கடைசியாகப் போட்ட உடுப்பு. சேர்ட்டில் அறுந்த பொத்தானை நீங்கள் வேறு நிற நூலில் தைத்திருந்தால் அந்த நிறம். இது அம்மாவைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

ஒரே படம்தான் இருக்கிறதென்றால் லெமினேற் பண்ணாதீர்கள், பிறகு பிரிக்க வராது. போராட்டப் பந்தலுக்குப் பிரதியைக் கொண்டுபோங்கள், வெயிலில் முகம் வெளிறிவிடும். பைலை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் இளைய ஆளிடம் கொடுத்து, உறவுமுறையை நிறுவும் பிறப்புச் சான்றிதழ்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதையும் சொல்லிவையுங்கள்.