துண்டறிக்கையில் உடைந்த தமிழைச் சரிசெய்த கதை

ஏப்ரல் 23, உலகப் புத்தக நாளன்று அரூர் நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை நேரம். துண்டறிக்கை தயாரிக்கும் பொறுப்பை வாசகர் வட்டம் என்னிடம் கொடுத்தது. கேன்வா, அடோபி எக்ஸ்பிரஸ் என்ற இரண்டு வடிவமைப்புச் செயலிகளின் இலவசப் பதிப்புகளையும் திறந்து பார்த்தேன். அவற்றில் ஆயத்தமாக இருந்த வார்ப்புருக்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வரைந்தவை.

தட்டச்சுக் கடையில் வாங்கி வந்த வாசகத்தை ஒட்டினால், ஆங்கில எழுத்துகளின் கூளம்தான் வந்தது. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டு இடங்களில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துருவை மாற்றினால் தமிழ் போய்விடும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிக் கருவி ஒன்றில் போட்டு, தமிழுக்கெனத் தனி இடம் உள்ள பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினேன். தீர்ந்தது.

தலைப்பு இன்னும் படுத்தியது. ‘கதை நேரம்’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். வார்ப்புருவில் எழுத்து இடைவெளியைக் கூட்டி வைத்திருந்ததுதான் காரணம். அதைப் பூஜ்யமாக்கி, முக்தா மலர் எழுத்துருவுக்கு மாறினேன். வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டினேன். இல்லையென்றால் மேல் வரியின் ‘கு’வும் கீழ் வரியின் புள்ளியும் மோதிக்கொள்ளும்.

அடர்பச்சைப் பின்னணி திரையில் அழகு. ஜெராக்ஸ் எடுத்தால் கரும்பலகை. வெள்ளையாக்கி, ஏ4 தாளில் இரண்டு பிரதி வருமாறு அடுக்கி, அச்சுக்குப் பிடிஎஃப், வாட்ஸ்அப்புக்குப் பிஎன்ஜி படம் என்று தனித்தனியே இறக்கிக்கொண்டேன். நூலகர் கேட்டது ஒன்றுதான்: நேரத்தை இன்னும் பெரிதாகப் போடுங்கள்.