முதல் ஆல்ப்ஸ் ஏற்றம்: முகடு, பனிச்சுவர், பனியிடுக்கு

ஆல்ப்ஸில் நடைபாதைகளில் நடந்து பழகியவர்களுக்குச் சில நாட்களிலேயே அடுத்த ஆசை வந்துவிடும். பாதை முடியும் இடத்துக்கு மேலே பனியாறு தெரியும், அதற்கும் மேலே கூரான முகடு தெரியும். அங்கே எப்படிப் போவது? இந்த விளக்கம் அவர்களுக்காக. ஏழெட்டு மணி நேரம் மலை ஏறி இறங்கும் உடல்திறன் உங்களுக்கு இருக்கிறது, ஆனால் காலில் கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் பற்கள் கொண்ட சட்டம்) மாட்டியதில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உயர்மலையில் உங்களைக் காப்பதில் கயிற்றுக்கு இருக்கும் பங்கைவிடக் கடிகாரத்துக்குப் பங்கு அதிகம். இரவில் இறுகும் பனி பகலில் இளகுகிறது. இறுகிய பனி, அதில் பதிந்த கல்லையும் பனியாற்றுப் பிளவுகளின் மேலிருக்கும் பனிப்பாலத்தையும் உங்கள் காலையும் சேர்த்துத் தாங்கும். இளகிய பனி எதையும் தாங்காது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே உண்மையிலிருந்துதான் பிறக்கிறது.

படி 1: சிகரத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் ஏற்றத்துக்கு ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்க் வேண்டாம். பிரான்சின் ஷமோனி பள்ளத்தாக்கின் வடகோடியில் லெ தூர் என்ற சிற்றூர் இருக்கிறது. அதற்கு மேலே, பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் நிற்கிறது எக்வி டு தூர் சிகரம். உயரம் சுமார் 3,540 மீட்டர். முகடு, பனிச்சுவர், பனியிடுக்கு (பாறைகளுக்கு நடுவே பனி நிறைந்து செங்குத்தாக ஏறும் குறுகிய பள்ளம்) மூன்றையும் ஒரே மலைக்குடிலில் தங்கிப் பழகலாம் என்பதால் இதைப் பரிந்துரைக்கிறேன். சாதாரண வழி பனியாற்றைக் கடந்து கடைசியில் எளிய பாறையில் ஏறுகிறது. தாப்ல் முகடு பாறை ஏற்றம். அதன் அருகிலேயே தாப்ல் இடுக்கு இருக்கிறது. பக்கத்தில் தெத் பிளான்ஷ் என்ற சிறு சிகரத்தின் வடக்குப் பனிச்சுவர், முதன்முதலாகச் செங்குத்துப் பனியைத் தொடுபவர்களுக்கு உகந்த குட்டையான சுவர்.

பிரெஞ்சு முறையில் ஏற்றங்களுக்கு எஃப், பி.டி., ஏ.டி., டி., டி.டி., ஈ.டி. என்று தரம் கொடுப்பார்கள். எஃப் எளிது, ஈ.டி. மிகக் கடினம். தொடக்கக்காரருக்கு எஃப், பி.டி. போதும். ஏ.டி. என்றால் வழிகாட்டியோ நல்ல அனுபவசாலியோ முன்னால் செல்ல வேண்டும். இந்தத் தரம் வழி நல்ல நிலையில் இருக்கும் நாளுக்கு உரியது. பனி வற்றிய ஆகஸ்டில் அதே வழி வேறு மலையாகிவிடும்.

படி 2: யாரிடம் கற்பது

காணொளி பார்த்துக் கற்கும் கலை இதுவல்ல. ஷமோனியில் 1821-இல் தொடங்கிய வழிகாட்டிகள் சங்கம் இன்றும் இயங்குகிறது. அங்கும் பிற அமைப்புகளிலும் சில நாள் அறிமுக வகுப்புகள் கிடைக்கும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் முன்கூட்டியே உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்திலோ டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டால் நல்லது. பயிற்சி பெற்றவர்களும் ஆல்ப்ஸில் முதல் ஏற்றத்துக்கு வழிகாட்டி வைத்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

படி 3: சாமான்கள்

வாங்க அவசரப்படாதீர்கள். ஷமோனியில் பெரும்பாலானவை வாடகைக்குக் கிடைக்கும். காலணி மட்டும் உங்கள் பாதத்துக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். அடிப்பகுதி வளையாத கட்டியான மலையேற்றக் காலணி வேண்டும். கிராம்பானை அந்தக் காலணியில் மாட்டி, பட்டையைக் கட்டாமலே காலைத் தூக்கி உதறிப் பாருங்கள். கழன்று விழுந்தால் அந்த ஜோடி பொருந்தவில்லை. பன்னிரண்டு பற்கள் உள்ள எஃகு கிராம்பானே நல்லது. அலுமினியம் இலேசாக இருக்கும், ஆனால் பாறையிலும் கடினமான பனிக்கட்டியிலும் தேய்ந்துவிடும்.

இவற்றோடு 50 முதல் 60 செ.மீ. வரை நீளமுள்ள ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), ஹெல்மெட், ஹார்னஸ் (கயிற்றைக் கட்ட இடுப்பில் அணியும் பட்டை), பூட்டுள்ள காராபினர்கள் (உலோகக் கொக்கி வளையங்கள்) சில, ஒரு நீண்ட ஸ்லிங் (பட்டை வளையம்), புரூசிக் முடிச்சுக்கான (எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சு) இரண்டு மெல்லிய கயிற்று வளையங்கள், ஓர் ஐஸ் ஸ்குரு (பனிக்கட்டியில் திருகி நங்கூரமாக்கும் குழாய்), தலைவிளக்கு, கருங்கண்ணாடி, இரண்டு ஜோடி கையுறை. குழுவுக்கு நீர் ஊறாத கயிறு ஒன்று.

காப்பீடு இல்லாமல் கிளம்பவே கூடாது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் மலையேற்றத்துக்கு விலக்கு இருக்கக்கூடும், எனவே சிறு எழுத்துகளையும் படியுங்கள். எக்வி டு தூர் எல்லையில் நிற்பதால், நீங்கள் வழுக்கி விழும் பக்கம் சுவிட்சர்லாந்தாகவும் இருக்கலாம். பிரான்சில் மலை மீட்புப் பணிக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டருக்குப் பணம் கட்ட வேண்டும். இரண்டு நாட்டுக்கும் பொதுவான அவசர எண் 112.

படி 4: கோடரியால் நிறுத்தப் பழகுதல்

இதற்கு ஒரு முழு அரை நாள் ஒதுக்குங்கள். கீழே பாறையோ பிளவோ இல்லாமல் சமதளமாக முடியும் பனிச்சாய்வைத் தேடுங்கள். முதலில் கிராம்பான் இல்லாமல் பழகுங்கள்.

ஒரு கை கோடரியின் தலையைப் பிடித்திருக்க வேண்டும். அலகு முன்னோக்கி, பனியைக் கொத்தும் பக்கமாக இருக்கும். இன்னொரு கை தண்டின் அடி முனையை மூடிப் பிடிக்கும், இல்லாவிட்டால் அந்த முனை தொடையில் குத்தும். வழுக்கியவுடன் குப்புறத் திரும்புங்கள். கோடரித் தலை தோளுக்கு அருகே, காறை எலும்புக்குக் கீழே வரட்டும். தண்டு மார்பின் குறுக்கே சாய்ந்திருக்கட்டும். இப்போது மார்பின் எடை முழுவதையும் அதன்மேல் போடுங்கள். கையை நீட்டித் தொங்கினால் அலகு பனியைக் கீறிக்கொண்டே போகும், நிற்காது. கிராம்பான் அணிந்திருந்தால் முழங்காலை மடக்கிப் பாதங்களை மேலே தூக்கிவிட வேண்டும். ஒரு பல் பனியில் மாட்டினாலும் உடல் தலைகீழாகப் புரண்டுவிடும்.

மல்லாந்து, தலைகீழாக, இடக்கைப் பக்கமாக என்று எல்லா வகையிலும் விழுந்து பழகுங்கள். முதல் ஒரு நொடிக்குள் நிறுத்தினால்தான் உண்டு, வேகம் பிடித்துவிட்டால் கடினமான பனியில் எந்தக் கோடரியும் உதவாது. ஆகவே, இதைவிடப் பெரிய பாடம் விழாமல் நடப்பதுதான். கிராம்பான் பற்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் பனியில் பதியும்படி பாதத்தைத் தட்டையாக வையுங்கள். கால்களைச் சற்று அகட்டி நடந்தால் ஒரு காலின் பல் மறுகாலின் கால்சட்டையில் மாட்டாது.

படி 5: வானிலையைப் படித்தல்

மழை வருமா வராதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அறிக்கையில் பூச்சியம் பாகை எந்த உயரத்தில் இருக்கும் என்று கொடுத்திருப்பார்கள். அது சிகரத்துக்கு மேலே ஏறியிருந்தால் பனி இறுகுமா என்ற கேள்வி எழும். அடுத்து, இரவில் மேகம் உண்டா என்று பாருங்கள். வானம் தெளிந்திருந்தால் பனியின் வெப்பம் நேராக வானுக்குப் போய்விடும். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தால்கூட மேற்பரப்பு இறுகிவிடும். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் திரும்பிவரும். அப்போது பனி விடிகாலையிலும் கூழாகவே கிடக்கும்.

பனியிடுக்குகளுக்கு வசந்தமும் கோடையின் தொடக்கமும் ஏற்றவை. பாறை முகடுகளுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. கோடையின் கடும் வெப்ப அலைகளில் உயர்மலையையே தவிர்ப்பது நல்லது. பாறைகளை உள்ளுக்குள் ஒட்டவைத்திருக்கும் நிலத்தடிப் பனியே இன்று உருகிக்கொண்டிருக்கிறது. ஷமோனிக்கு எதிரே நிற்கும் ட்ரு சிகரத்தில் இத்தாலிய மலையேறி வால்டர் போனாத்தி 1955-இல் தனியாக ஏறிய அந்தப் புகழ்பெற்ற தூண், 2005-இல் அப்படியே சரிந்து விழுந்தது. 2022 ஜூலை 3 பிற்பகலில் இத்தாலியின் மர்மோலாடாவில் பனியாற்றின் ஒரு துண்டு உடைந்து 11 பேர் இறந்தார்கள்.

புதுப்பனி பெய்த மறுநாளும் ஏறாதீர்கள். 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளில்தான் பனிச்சரிவுகள் பெரும்பாலும் கிளம்புகின்றன. நாம் ஏற விரும்பும் இடுக்குகளும் சுவர்களும் ஏறக்குறைய அதே சாய்வில் இருக்கின்றன.

படி 6: குடிலில் ஓர் இரவு

லெ தூரிலிருந்து கேபிள் கார் ஓடும் பருவமானால் அதில் ஏறி, மீதியை நடந்து ஆல்பெர் பிரமியே குடிலை அடையலாம். உயரம் சுமார் 2,700 மீட்டர். மலையேறியாகவே வாழ்ந்து, 1934-இல் பாறையேற்றத்தின்போது விழுந்து இறந்த பெல்ஜிய மன்னர் முதலாம் ஆல்பெர்ட்டின் பெயர் அது.

இடம் முன்பதிவு செய்திருக்க வேண்டும். காலணி, கோடரி, கிராம்பான் எல்லாம் நுழைவறையிலேயே இருக்கும். படுக்கையில் விரிக்க உங்கள் சொந்தத் துணி உறை தேவை. இரவு உணவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில். சைவ உணவு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

குடில் பொறுப்பாளரிடம் பேசுங்கள். பனியாற்றில் எந்தப் பக்கம் பிளவுகள் திறந்திருக்கின்றன, வழியில் கடக்கும் கணவாயில் பனி மிஞ்சியிருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எந்த வழியில் போகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லி, குடிலின் பதிவேட்டிலும் எழுதுங்கள்.

அன்றிரவே கணக்குப் போட்டு வையுங்கள். குடிலிலிருந்து சிகரத்துக்கு 840 மீட்டர் ஏற்றம். மணிக்கு 250 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். நான்கு மணிக்குக் கிளம்பினால் ஏழரை. இதிலிருந்து ஒரு திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி என்று குறித்தால், சிகரம் ஐம்பது மீட்டர் தொலைவில் இருந்தாலும் ஒன்பதுக்குத் திரும்ப வேண்டும். கடும் தலைவலி, வாந்தி இருந்தால் கிளம்பவே வேண்டாம்.

படி 7: பனியாற்றில் கயிறு

விடியலுக்கு முன் வெளியே வந்ததும் காலால் பனியை ஓங்கி மிதியுங்கள். காலணியின் விளிம்பு மட்டும் பதிந்து மொறுமொறுவென்று ஒலித்தால் போகலாம். கணுக்கால் வரை புதைந்தால் மீண்டும் படுத்துவிடுங்கள்.

பனியாற்றின் விளிம்பிலேயே கயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும். மூன்று பேரானால் ஒருவருக்கொருவர் பத்து மீட்டர் அளவு. இருவரானால் பதினைந்து மீட்டர் வரை விட்டு, இடையே சில முடிச்சுகளும் போடுங்கள். ஒருவர் பிளவில் விழுந்தால் அந்த முடிச்சு பனி விளிம்பில் சிக்கி மற்றவரின் சுமையைக் குறைக்கும். கயிறு தரையை இலேசாகத் தொடும் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். சுருளாகக் கையில் பிடித்து அரட்டை அடித்துக்கொண்டு அருகருகே நடப்பவர்கள் ஒரே பிளவில் சேர்ந்து விழுவார்கள்.

படி 8: முகடு, சுவர், இடுக்கு

முகட்டில் கயிற்றைச் சுருக்கித் தோளில் சுற்றி ஹார்னஸில் பூட்டிவிட்டு, இருவருக்கும் இடையே சில மீட்டர் மட்டும் விடுகிறோம். முன்செல்பவர் பாறைக் கொம்புகளுக்கு ஒரு முறை இடமும் மறுமுறை வலமுமாகக் கயிற்றை நெய்துகொண்டே போக வேண்டும். பிடிக்கும் பாறையை முதலில் உள்ளங்கையால் தட்டுங்கள். பொள்ளென்று ஒலித்தால் அது ஒட்டியில்லை. சந்தேகமான கல்லை வெளியே இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துங்கள். பனி முகட்டில் காற்று கட்டிய தொங்கும் விளிம்பின் மேல் நடக்கக் கூடாது. அது உடையும் கோடு நீங்கள் எண்ணுவதைவிட உள்ளே தள்ளி இருக்கும்.

பனிச்சுவரில் கிராம்பானின் முன்பற்களால் நிற்க வேண்டும். ஒரே உதை, பிறகு எடையைப் போடுங்கள். குதிகாலைத் தூக்காதீர்கள். தூக்கினால் முன்பற்கள் பிடியை விட்டுவிடும், கெண்டைக்காலும் எரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள்: கோடரி, கால், கால். நங்கூரம் ஏதும் இல்லாமல் இருவர் குறுங்கயிற்றில் சேர்ந்து ஏறினால் ஒருவர் வழுக்கும்போது மற்றவரையும் இழுத்துக்கொண்டு போவார். பனிக்கட்டி தட்டுப்பட்டால் ஐஸ் ஸ்குரு போட்டு, ஒருவர் நிற்க ஒருவர் ஏறுவதே முறை.

இடுக்குதான் என்னை அதிகம் கவர்வது, அதிகம் அஞ்சவைப்பதும் அதுவே. மேலே தளர்ந்த ஒவ்வொரு கல்லும் புனலில் ஊற்றியதுபோல அதற்குள்தான் வந்து சேரும். அடியில் நின்று தரையைப் பாருங்கள். பனிமேல் புதிய கருங்கற்கள் சிதறியிருக்கின்றனவா? நடுவே ஆழமான கீறல் ஓடுகிறதா? இரண்டும் இருந்தால் அந்த நாள் அந்த இடுக்குக்கு உரியதல்ல. முன்னால் வேறு குழு ஏறிக்கொண்டிருந்தாலும் அவர்கள் தட்டிவிடும் கல்லும் பனிக்கட்டியும் உங்கள் மேல்தான் விழும். ஏறும்போது நடுக்கீறலை விட்டு ஓரமாகப் போங்கள். நிற்க வேண்டுமென்றால் பக்கப் பாறையின் முன்துருத்தலுக்குக் கீழே நில்லுங்கள். மேலுள்ள பாறையில் வெயில் படுவதற்குள் இடுக்கை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். கிழக்கு நோக்கிய இடுக்கில் விடிந்த சிறிது நேரத்திலேயே வெயில் வந்துவிடும். மேற்கு நோக்கியதில் இன்னும் சில மணி நேரம் கிடைக்கும்.

படி 9: இறங்குதல்

ஏறிய இடுக்கு வழியே இறங்கத் திட்டமிடாதீர்கள். இறங்கும்போது அது இளகியிருக்கும். எக்வி டு தூரில் சாதாரண வழியே இறங்கும் வழி, அதை முன்தினம் வரைபடத்தில் பார்த்து வையுங்கள். செங்குத்தான பனியில் சுவரைப் பார்த்தபடி, முன்பற்களால் பின்னோக்கி இறங்குங்கள். கயிற்றில் தொங்கி இறங்க நேர்ந்தால் புரூசிக் முடிச்சைப் போட்டுக்கொண்டு, கயிற்றின் இரு முனையிலும் முடிச்சுப் போட மறக்காதீர்கள்.

ஈரமான பனி கிராம்பானுக்கு அடியில் உருண்டையாக ஒட்டும்போது சில அடிகளுக்கு ஒரு முறை கோடரித் தண்டால் காலணியைத் தட்டி உதிர்க்க வேண்டும். பனியாற்றைத் திரும்பக் கடக்கும்போதும் கயிறு கட்டியே இருக்க வேண்டும். காலையில் தாங்கிய பனிப்பாலம் இப்போது தாங்காமல் போகலாம்.

விபத்து நேர்ந்து தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காவிட்டால் ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ விளக்கோ காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்குங்கள். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள் என்று பொருள். ஹெலிகாப்டர் வரும்போது இரு கைகளையும் மேலே விரித்து நின்றால் உதவி வேண்டும் என்பதற்கான சைகை.

குடிலுக்கு வந்ததும் பொறுப்பாளரிடம் திரும்பிவிட்டதைச் சொல்லுங்கள். நேராகக் கீழே லெ தூருக்கு இறங்கிவிட்டால் அங்கிருந்தாவது தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நீங்கள் வரவில்லை என்று எண்ணி அவர் மீட்புக் குழுவை அழைத்துவிடக்கூடும்.